முயல், குழிமுயல், முரட்டுமயிர் முயல்

கொல்கத்தா நகரின் வடபகுதியில், பாக்பஜாரை அடுத்த காலிஃப் தெருவில், ஞாயிறுதோறும் செல்லப்பிராணிச் சந்தை கூடுகின்றது. பறவைகள், மீன்கள், நாய்க்குட்டிகள் ஆகியவற்றோடு வெண்ணிற மயிரும் செந்நிறக் கண்களும் கொண்ட சிறு பிராணிகள் கம்பிக்கூண்டுகளில் விலைக்கு வைக்கப்பட்டிருக்கும். வங்காளியர் அதனைக் 'கர்கோஷ்' என்பர். தமிழர் 'முயல்' என்பர். இரு மொழியினரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். கூண்டிலிருக்கும் அப்பிராணியும், மேற்கு வங்காளத்துச் செம்மண் புதர்களிலும் தமிழ்நாட்டுக் கரிசல் காடுகளிலும் ஓடித்திரியும் பிராணியும் ஒன்றல்ல. அவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குட்டி ஈனுவதும் இல்லை.

இது பெயரைப் பற்றிய வீண் வாதம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் வனக்காவலர் தம் நாட்குறிப்பில் 'முயல் 1' என்று எழுதி மேலே செல்லும்போது, உலகில் மிக அரிதாகிவிட்ட ஒரு விலங்கைக் கண்டும் காணாதவராக அவர் சென்றிருத்தல் கூடும். பள்ளி ஆசிரியர் வெள்ளை முயலின் படத்தைக் காட்டி, இது நம் காடுகளில் வளை தோண்டி வாழ்கின்றது என்று கற்பித்தால், மாணவன் வாழ்நாள் முழுவதும் இல்லாத ஒன்றைத் தேடுவான், இருப்பதை அறியான்.

முதலில் அறிய வேண்டுவது யாதெனில், இந்தியாவில் இயற்கையாக வாழும் குழிமுயல் எதுவும் இல்லை. கூண்டுகளில் காணப்படும் குழிமுயலின் விலங்கியற் பெயர் ஓரிக்டோலேகஸ் கியூனிக்குலஸ் என்பதாகும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமும், அதனை அடுத்த தென்பிரான்சும் அதன் பூர்வீகம். அங்கிருந்தே அது மனிதன் கையால் ஐரோப்பா முழுவதும் பரவியது. அங்கோரா, நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்று பண்ணைகளில் வழங்கும் வகைகள் அனைத்தும் இந்த ஓர் இனத்திலிருந்தே தேர்ந்தெடுத்து உண்டாக்கப்பட்டவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் முயல்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

பூர்வீகமல்லாத நாட்டில் இப்பிராணியைக் காட்டில் விடுவதன் விளைவு என்ன என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. 1859இல் விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழார் வேட்டைப் பொழுதுபோக்கிற்காக 24 குழிமுயல்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிப் புல்லையும் பயிரையும் அழித்தன. நீண்ட வேலிகள் பயன்படவில்லை. 1950இல் மிக்சோமா என்னும் நச்சுயிரியைப் பரப்பியபோது பெரும்பாலானவை மடிந்தன. எனினும் எஞ்சியவற்றிற்கு எதிர்ப்பாற்றல் உண்டாயிற்று. வளர்க்க இயலாத வீட்டு முயலை இரக்கத்தினால் காட்டில் விட எண்ணும் மாணவர்க்கு ஆசிரியர் இவ்வரலாற்றைச் சொல்லுதல் நலம்.

கொறிப்பதனால் எலியாகுமா?

முயலை எலி, அணில் முதலிய கொறிக்கும் பிராணிகளோடு சேர்த்து எழுதும் வழக்கம் பாடநூல்களில் நெடுங்காலம் இருந்தது. 1758இல் லின்னேயஸ் வகுத்த வகைப்பாட்டிலும் முயல் எலிகளோடுதான் வைக்கப்பட்டது. பின்னர் பற்களை நுணுகி ஆராய்ந்தவர்கள் வேறுபாட்டைக் கண்டனர். 1912இல் கிட்லி என்னும் அமெரிக்க விலங்கியலார், முயல்களைக் கொறிக்கும் பிராணிகளிலிருந்து பிரித்துத் தனி வரிசையாகக் கொள்ளவேண்டும் என்று நிறுவினார். அவ்வரிசை லேகோமார்ஃபா எனப்படும்.

வேறுபாட்டை வகுப்பறையிலேயே காட்டலாம். எலியின் மேல்தாடையில் வெட்டுப்பற்கள் ஒரே ஓர் இணை. முயலின் மேல்தாடையிலோ இரண்டு இணைகள் உள்ளன. முன்னே பெரிய இணையும், அதன் பின்னே ஆணியைப் போன்ற மிகச் சிறிய இணையும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பிறக்கும்போது மூன்றாவது இணையும் உண்டு. அது விரைவில் விழுந்துவிடும். கோரைப்பற்கள் இல்லை. பற்களின் மொத்த எண்ணிக்கை 28. எலியின் வெட்டுப்பல்லில் முன்புறம் மட்டுமே எனாமல் பூச்சு இருக்க, முயலின் வெட்டுப்பல்லில் அது பின்புறமும் படர்ந்துள்ளது. மெல்லும்போது எலியின் தாடை முன்னும் பின்னுமாக நகரும். முயலின் தாடை பக்கவாட்டில் அசையும். இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட முயலின் தலையோடு ஒன்றினைக் கொதிநீரில் இட்டுத் துப்புரவாக்கி வைத்துக்கொண்டால் இப்பாடத்திற்கு வேறு படம் வேண்டியதில்லை.

இவ்வரிசையின் தொன்மைக்கு இந்தியாவே சான்றளித்துள்ளது என்பது பலரும் அறியாத செய்தி. குஜராத் மாநிலத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த சிறு கணுக்கால், பாத எலும்புகள் ஏறத்தாழ 5 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முயல்வகைப் பிராணியினுடையவை என 2008இல் அறிவிக்கப்பட்டது. அவ்வகையில் மிகத் தொன்மையான எலும்புகளுள் அவை சேர்ந்தவை.

இன்று இந்தியாவில் இவ்வரிசையின் இரு குடும்பங்களும் உள்ளன. ஒன்று இமயமலையில் பாறை இடுக்குகளில் வாழும் பைக்கா. காது வட்டமாய்ச் சிறுத்து, வெளித்தோன்றும் வாலின்றி, எலியென்று மயங்கும் தோற்றமுடையது. மற்றொன்று முயற்குடும்பம். லடாக்கிலும் சிக்கிமின் உயர்ந்த வெளிகளிலும் கம்பளி முயலும், சமவெளி முழுவதும் கறுப்புப்பிடரி முயலும், இமயத்தின் அடிவாரப் புல்வெளியில் முரட்டுமயிர் முயலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

கண் திறந்த குட்டியும் கண் மூடிய குட்டியும்

முயலையும் குழிமுயலையும் பிரித்தறிவதற்குப் பிறந்த குட்டியே தலைசிறந்த அடையாளம். குழிமுயல் 30 அல்லது 31 நாள் கருவுற்றுத் தான் தோண்டிய வளையினுள், தன் மார்பு மயிரைப் பிடுங்கி மெத்தையிட்டு ஈனுகின்றது. குட்டிகள் மயிரின்றிச் சிவந்து, கண் மூடியிருக்கும்; கண் திறக்கப் பத்து நாள் ஆகும். முயலோ வளை தோண்டுவதில்லை. புல்லிடையிலோ புதரடியிலோ தன் உடல் அளவிற்கு அழுத்தி அமைத்த பள்ளமே அதன் படுக்கை. கருக்காலம் ஆறு வாரங்களுக்கு மேல். குட்டி பிறக்கும்போதே உடல் முழுவதும் மயிர் போர்த்துக் கண் திறந்திருக்கும். சிறிது நேரத்தில் நகரவும் செய்யும். திறந்தவெளியில் பிறப்பதற்கு இது இன்றியமையாத ஏற்பாடு. தொல்காப்பியத்து மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயர் வகுக்கப்பட்டிருத்தலை இங்கு நினைவுகூரலாம்.

செல்களிலுள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கையும் வேறு: குழிமுயலுக்கு 44, முயலுக்கு 48. ஆபத்து நேரிடின் குழிமுயல் வளைக்குள் பாயும். முயல் முதலில் படுக்கையோடு படுக்கையாய் அசைவற்றுக் கிடக்கும். காலடி மிக நெருங்கியபின் திடீரென எழுந்து, திசை மாற்றி மாற்றி ஓடும். குழிமுயல் கூட்டமாக வாழும்; முயல் பெரும்பாலும் தனித்து வாழும்.

குட்டிகளைப் பற்றி இன்னொன்று கூறவேண்டும். முயல் தன் குட்டிகளோடு நாள் முழுவதும் இருப்பதில்லை. ஐரோப்பிய முயலில் நன்கு ஆராயப்பட்டுள்ளபடி, தாய் நாளுக்கு ஒருமுறை, அந்தி சாய்ந்தபின் வந்து சில நிமிடங்கள் பாலூட்டிச் சென்றுவிடும். தாயின் வாசனையும் நடமாட்டமும் பகைவிலங்குகளுக்கு வழிகாட்டாதிருப்பதற்கு இது உதவுகின்றது. இதனையறியாத சிறுவர்களும், சில வேளைகளில் பணியாளர்களுங்கூட, புல்லிடையே தனித்துக் கிடக்கும் குட்டியைத் தாயற்றதென்று எண்ணி வீட்டிற்கு எடுத்து வருகின்றனர். பசும்பால் ஊட்டப்பட்ட அக்குட்டிகளுள் பிழைப்பன மிகச் சில. காயமின்றித் தனித்திருக்கும் முயற்குட்டியை இருந்த இடத்திலேயே விட்டு விலகுதலே முறை.

இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும் 'இரண்டும் முயல்தானே' என்று வாதிடுவோர் உண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்னும் பழமொழி இவர்களுக்காகவே பிறந்தது போலும்!

இரண்டுக்கும் பொதுவான செயல் ஒன்று ஆசிரியர்களிடம் அடிக்கடி வினவப்படுவதாகும். முயல் இரை மீட்குமா? வாய் ஓயாது பக்கவாட்டில் அசைவதைக் கண்ட பழங்காலத்தார் அவ்வாறே நம்பினர். உண்மையில் முயலுக்கு மாட்டைப்போல் நான்கு அறை இரைப்பை கிடையாது. அதன் குருட்டுக்குடல் மிகப் பெரிது. அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கச் செய்கின்றன. ஆனால் குருட்டுக்குடல் உணவுப்பாதையின் பிற்பகுதியில் இருத்தலின், அங்கு உண்டாகும் புரதமும் பி வகை வைட்டமின்களும் உடலில் சேராமலே வெளியேறிவிடும். இக்குறையை முயல் தனக்கே உரிய வழியில் தீர்த்துக்கொள்கின்றது. அது இருவகைப் புழுக்கைகளை இடுகின்றது. ஒன்று நாம் புல்வெளியில் காணும் உலர்ந்த உருண்டை. மற்றொன்று மென்மையான, சவ்வினால் மூடப்பெற்ற உருண்டை. இதனை முயல் ஓய்ந்திருக்கும் வேளையில் நிலத்தில் விழவிடாது நேரே வாயினால் எடுத்து விழுங்கிவிடுகின்றது. 1882இல் மோரோ என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதனை விளக்கினார். வீட்டில் குழிமுயல் வளர்ப்போர் இதனை நோயென்றோ இழிந்த பழக்கமென்றோ கருதித் தடுப்பது தவறு. தடுக்கப்பட்ட பிராணி மெலியும்.

வங்காளத்து முயலும் தமிழ்நாட்டு முயலும்

1823இல் பிரெடெரிக் கூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் தென்னிந்திய முயலுக்கு லெபஸ் நிக்ரிகாலிஸ் என்று பெயரிட்டார். கறுத்த கழுத்துடையது என்பது அதன் பொருள். மூன்றாண்டுகளுக்குப் பின், 1826இல், ஜெஃப்ராய் என்பவர் வங்காளத்து முயலுக்கு லெபஸ் ரூஃபிகாடேட்டஸ், அதாவது செம்பழுப்பு வால் முயல் என்று பெயரிட்டார். நெடுங்காலம் இவை தனித்தனி இனங்களாகவே எண்ணப்பட்டன. இன்று இவை ஒரே இனத்தின் உள்வகைகளாகக் கொள்ளப்படுகின்றன. தென்னாட்டு முயலுக்குப் பிடரியில் கரும்பட்டையும் வாலின் மேற்புறத்தில் கருமையும் உண்டு. வங்காளத்து முயலுக்குப் பிடரி கருமையின்றியும் வாலின் மேற்புறம் செம்பழுப்பாகவும் இருக்கும். இரண்டிலும் வாலின் அடிப்புறம் வெண்மையே. இவ்வெண்மையை மறவாதிருக்க வேண்டும்; பின்னர்ப் பயன்படும். இலங்கையிலும் இவ்வினமே வாழ்கின்றது. மொரீஷியஸ் தீவிற்கு இது மனிதரால் கொண்டுசெல்லப்பட்டு அங்கு நிலைபெற்றது.

மேற்கு வங்காளத்தில் புருலியா, பாங்குரா, ஜார்கிராம், பீர்பூம் ஆகிய மாவட்டங்களின் சரளைமண் புதர்க்காடுகள் இம்முயலுக்கு உகந்தவை. பகலில் படுக்கையில் கிடந்து, அந்தியில் எழுந்து இரவெல்லாம் மேயும். மழைக்காலத்தில் பசும்புல், கோடையில் தளிர், பட்டை, வேர். புன்செய்ப் பயிர்களிலும் வாய் வைக்கும். ஆதலின் உழவர் இதனை நண்பனாகக் கருதுவதில்லை. ஆண்டு முழுவதும் ஈனும் எனினும் மழைக்காலத்தில் மிகுதி. ஈற்றுக்கு ஒன்று முதல் நான்கு குட்டிகள். நரி, குள்ளநரி, காட்டுப்பூனை, கீரி, கழுகு, பெரிய ஆந்தை ஆகிய அனைத்திற்கும் இதுவே இரை. புதர்க்காட்டில் முயல் குறைந்தால் இவை கிராமத்துக் கோழிகளை நாடும் என்பதை உழவர்க்கு எடுத்துரைக்கலாம்.

முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருத்தலின் பின்னால் வருவதையும் திரும்பாமலே காணும். நேர் முன்னுள்ளதை அவ்வளவு நன்றாகக் காண்பதில்லை. உள்ளங்கால்களில் நாய்க்கும் பூனைக்கும் உள்ளவை போன்ற வெறுந்தசைத் திண்டுகள் இல்லை. அடர்ந்த மயிரே மெத்தையாக அமைந்துள்ளது. ஆகவே ஈரமணலில் பதியும் தடம் தெளிவற்றிருக்கும். தடத்தைப் படிப்போர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். பாயும்போது முன்கால்கள் முதலில் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றும். பின்கால்கள் அவற்றைத் தாண்டி இணையாக முன்னே விழும். ஆகவே பெரிய தடங்கள் முன்னும் சிறிய தடங்கள் பின்னுமாக இருக்கும். புதிதாகப் பணியிற் சேர்ந்தோர் பலர், பெரிய தடம் பின்னேதான் இருக்கவேண்டும் என்று கருதி, முயல் சென்ற திசைக்கு நேர்மாறாக நடந்துவிடுவர்.

முயலை எளிய வேட்டைப்பொருளாகக் கருதுதல் இந்நாட்டில் மிகப் பழைய வழக்கம். திருக்குறளில் படைச்செருக்கினைக் கூறுமிடத்து யானைக்கு எதிர்நிலையில் நிறுத்தப்படும் விலங்கு முயலே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இன்று முயல் வேட்டை குற்றமாகும். எனினும் தமிழ்நாட்டில் கண்ணியும் வலையும் நாயும் கொண்டு வேட்டை நடைபெறுவது அறியாததன்று. தென்மேற்கு வங்காளத்தில் கோடையில் நிகழும் வேட்டை விழாக்களில் முயல் முதற்கொண்டு பல்வகைப் பிராணிகள் கொல்லப்பட்டு வந்தன. 2019இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இவ்விழாக்களில் வனவிலங்குகள் கொல்லப்படாமல் தடுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. சடங்கு மக்களுடையது, தொன்மையானது. அதனை மதித்துக்கொண்டே உயிர்க்கொலையை நிறுத்துவது ஊர்ப் பெரியோரோடு பேசுவதனால் ஆகுமேயன்றிக் காவலர் எண்ணிக்கையைப் பெருக்குவதனால் மட்டும் ஆகாது.

பன்றிமுயல்

கொல்கத்தாவில் 1784இல் நிறுவப்பட்ட ஆசியக் கழகம் தான் சேர்த்த பொருள்களைக் கொண்டு 1814இல் காட்சிசாலை ஒன்றனைத் தொடங்கியது. இன்று சௌரங்கியில் விளங்கும் இந்திய அருங்காட்சியகத்தின் தோற்றம் அதுவே. 1916இல் இந்நகரிலேயே நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் அளவைத்துறையின் விலங்குத் தொகுப்புகளும் அதிலிருந்தே வளர்ந்தவை. அக்காட்சிசாலையில் பணியாற்றிய பியர்சன் என்பார், அஸ்ஸாமிலிருந்து கிடைத்த முயல் ஒன்றனுக்கு 1839இல் லெபஸ் ஹிஸ்பிடஸ் என்று பெயரிட்டார். ஹிஸ்பிடஸ் என்றால் முரட்டு மயிருடையது.

1841இல் காட்சிசாலையின் காப்பாளராக வந்து சேர்ந்தவர் எட்வர்டு பிளைத். சொற்ப ஊதியத்தில் இருபதாண்டுகளுக்கு மேல் கொல்கத்தாவில் உழைத்தவர். சார்லஸ் டார்வினுக்கு இந்திய விலங்குகளைப் பற்றி விரிவான கடிதங்கள் எழுதியவர். இம்முயல் மற்ற முயல்களோடு ஒரே பேரினத்தில் அடங்காது என்று கண்ட அவர், 1845இல் கழகத்தின் சஞ்சிகையில் காப்ரோலேகஸ் என்னும் புதிய பேரினத்தை ஏற்படுத்தினார். கிரேக்க மொழியில் காப்ரோஸ் என்பது காட்டுப்பன்றி, லேகோஸ் என்பது முயல். பன்றி மயிரைப்போல் விறைத்த மேல்மயிரைக் கண்டு இட்ட பெயர். உலகில் இப்பேரினத்தில் இன்றளவும் இந்த ஓர் இனமே உண்டு. 1847இல் பிரையன் ஹாட்ஜ்சன் நேபாளத்துச் சால மரக் காடுகளிலிருந்து இதனைப் பற்றி அதே சஞ்சிகையில் எழுதினார்.

உத்தரப் பிரதேசத்தின் அடிவாரத்திலிருந்து நேபாளம், வட வங்காளம் வழியாக அஸ்ஸாம் வரையிலும், தெற்கே டாக்கா வரையிலும் இது ஒருகாலத்தில் பரவியிருந்தது. எடை ஏறத்தாழ 2 முதல் 2½ கிலோகிராம். காது குட்டையானது, ஏறத்தாழ 7 செ.மீ. அளவேயுள்ளது. பாரசீக மொழியில் 'கர்கோஷ்' என்பதற்குக் கழுதைக் காது என்பது பொருள். அப்பெயர் இம்முயலுக்குச் சற்றும் பொருந்தாது. பின்கால்கள் மற்ற முயல்களைப்போல் முன்கால்களினும் மிக நீண்டவையல்ல. ஆகவே வெட்டவெளியில் ஓடித் தப்பும் ஆற்றல் இதற்குக் குறைவு. கருமை கலந்த பழுப்பு உடல். வால் மேற்புறமும் அடிப்புறமும் பழுப்பே. இங்கு வெண்மை இல்லை. ஓடும் முயலின் பின்னே வெள்ளை தெரிந்ததா இல்லையா என்பதே களப்பணியாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா.

இது தானே வளை தோண்டும் என்னும் செய்தி முற்கால நூல்களில் காணப்படும்; அதனாலேயே இதனை அஸ்ஸாம் குழிமுயல் என்று அழைத்தோரும் உளர். பிற்காலத்துக் கள ஆராய்ச்சிகளின்படி இது அடர்ந்த புல்லினடியில் தங்குவதும், வேறு பிராணிகள் விட்டுச்சென்ற வளைகளில் சில வேளை தஞ்சம் புகுவதுமே வழக்கம். தனித்தோ இணையாகவோ வாழும். ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகளே. உயர்ந்த புல்லின் தண்டை அடியில் கடித்து வீழ்த்தி, வெளி உறையை உரித்து, உள்ளிருக்கும் இளங்குருத்தைத் தின்னும். உரித்த உறைகளும் அருகே சிதறிய புழுக்கைகளும் இதன் இருப்பிற்கு அடையாளம்.

அந்த உயர்ந்த புல் யாது? தருப்பை இனத்தைச் சேர்ந்த உலுப்புல்லும், வங்காளியர் காஷ் என்றும் தமிழர் நாணல் என்றும் கூறும் புல்லும், அவற்றையொத்த பிறவுமாம். புரட்டாசி ஐப்பசியில் ஆற்றங்கரைகளில் காஷ் வெண்மையாகப் பூத்து அசைந்தால் துர்கா பூஜை வந்துவிட்டதென்று கொல்கத்தா மக்கள் மகிழ்வர். அதே புல் வடக்கே ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து நிற்கையில் முரட்டுமயிர் முயலுக்குக் கூரையும் உணவும் ஆகின்றது. அப்புல்வெளிகள் ஆறுகள் அடிக்கடி தடம் மாறுவதனால் உண்டானவை. தேயிலைத் தோட்டங்களும் வயல்களும் குடியேற்றங்களும் அவற்றின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன.

1960களில் இம்முயல் அழிந்துவிட்டதென்றே பலரும் கருதினர். முரட்டுமயிர் முயல் முயற்கொம்பு ஆயிற்று என்று சொல்லும் நிலை. 1971இல் அஸ்ஸாமில் பர்நதிப் பகுதியில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில், அதே புல்வெளிகளில், அழிந்ததென்று எண்ணப்பட்ட குள்ளப்பன்றியும் மீண்டும் கிடைத்தது தற்செயலன்று; இரண்டும் ஒரே உயர்புல்லை நம்பி வாழ்பவை. பின்னர் மானஸ், தூத்வா, நேபாளத்தின் சுக்லாபாண்டா முதலிய இடங்களிலும், மேற்கு வங்காளத்தில் ஜல்தாபாராவிலும் இதன் இருப்பு பதிவு செய்யப்பட்டது. நேபாளத்துச் சித்வானில் ஏறத்தாழ முப்பதாண்டுகளாகக் காணப்படாதிருந்து 2016இல் மீண்டும் காணப்பட்டது. இன்று இது அழிவை நெருங்கும் இனமாக உலகப் பட்டியலில் உள்ளது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, காண்டாமிருகம் ஆகியவற்றோடு இடம்பெற்றுள்ளது. இரண்டு கிலோ எடையுள்ள பிராணிக்குச் சட்டம் அளித்துள்ள இவ்விடத்தைக் கடைநிலைப் பணியாளர் எத்தனை பேர் அறிவர் என்பது கேள்வியே.

தீயின் காலம்

ஆண்டுதோறும் பனிக்காலத்தின் பிற்பகுதியில் புல்வெளிகளுக்குத் தீ மூட்டப்படுகின்றது. கால்நடை மேய்ப்போர் இளந்தளிருக்காக மூட்டுவர். கூரைப்புல் அறுப்போர் எஞ்சிய கட்டைகளை அகற்ற மூட்டுவர். மான்களுக்கும் காண்டாமிருகத்திற்கும் புதுப்புல் கிடைக்கட்டுமென்று வனத்துறையே மூட்டுவதும் உண்டு. முரட்டுமயிர் முயல் குட்டி ஈனும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை எனக் கண்டறியப்பட்டுள்ளது. இரண்டும் ஒரே காலத்தில் நேர்கின்றன. தாய் சதுப்புநிலப் புல்லுக்கோ ஆற்றங்கரைப் புல்லுக்கோ ஓடித் தப்பக்கூடும், குட்டி எரியும். தப்பிய தாய்க்கும் மறைவிடம் கிடையாது. குட்டைக் கால்களோடு சாம்பல் வெளியில் நிற்கும் முயலை நாயும் கழுகும் விடுவதில்லை.

அங்ஙனமாயின் தீயை அறவே தடுத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் தீர்வாகாது. பல்லாண்டு எரியாத புல்வெளியில் முதலில் புதரும் பின்னர் மரமும் எழும், புல்வெளி காடாகும், முயலுக்கு அங்கும் இடமில்லை. ஆகவே அறிஞர் கூறும் வழி, முழுப் புல்வெளியையும் ஒரே நாளில் எரிக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து, ஆண்டிற்கு ஒரு பகுதியாக, குட்டி ஈனும் பருவத்திற்கு முன்பே எரிப்பது. ஓடைக்கரைப் புல்லையும் தாழ்நிலப் புல்லையும் தொடாது விடுவது. புல் அறுப்போர்க்கும் அவ்வாறே பகுதி வகுத்துக் கொடுப்பது. இதில் செலவு மிகுதியில்லை. ஆனால் எந்தப் பகுதியில் முயல் உள்ளது என்பது தீ மூட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். அதனைத் தெரிவிக்கக்கூடியவர் நாள்தோறும் அப்புல்லுக்குள் நடக்கும் காவலரேயன்றி, கொல்கத்தாவிலோ டில்லியிலோ அமர்ந்திருப்பவர் அல்லர்.

அதற்கு வேண்டிய குறிப்புகள் சிலவே. முரட்டுமயிர் முயல் கண்ணில் படுவது அரிது. புழுக்கையும் கடிபட்ட புல்லுமே பெரும்பாலும் கிடைக்கும். கறுப்புப்பிடரி முயலும் அதே புல்வெளியின் விளிம்பில் மேய வருமாதலின் புழுக்கை ஒன்றை மட்டும் கண்டு முடிவு கூறுதல் கூடாது. புழுக்கை கிடந்த இடம் உயர்புல்லின் உட்பகுதியா வெளிவிளிம்பா, அருகில் அடியில் வெட்டுண்டு உறை உரிக்கப்பட்ட தண்டுகள் உண்டா, புல்லின் உயரம் எவ்வளவு, அப்பகுதி கடைசியாக எரிந்தது எந்த மாதம் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, புழுக்கைகளைக் காயவைத்துக் காகித உறையில் இட்டு நாளும் இடமும் எழுதி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். தீயிலோ சாலையிலோ இறந்த முயல் கிடைப்பின், முதலில் காதின் நீளத்தை அளந்து, வாலைத் திருப்பி அடிப்புறத்தின் நிறத்தைப் பார்த்து எழுதிக்கொள்க. பின்னரே மேலதிகாரிக்கு அறிவிக்கச் செல்க. திரும்பி வருவதற்குள் குள்ளநரி வந்துவிடும்.